செத்தவன் தலையில் கட்டிய எழுத்து

இந்தப் புதிருக்கு விடை எனக்குத் தெரியும். தெரிந்தும் நிம்மதி இல்லை. நீங்களாவது கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களா பார்ப்போம்.

இங்கிலாந்தில் மன்னரும் பாராளுமன்றமும் வாளெடுத்து மோதிக்கொண்டிருந்த காலம். வாளைவிடக் காகிதம் வேகமாகப் பறந்தது. பாராளுமன்றச் சபையைத் திட்டி ஒன்று, மன்னரைத் திட்டி ஒன்று என்று லண்டன் தெருக்களில் துண்டுப் பிரசுரங்கள் விற்றன. எழுதியவர்கள் பெயர் போடுவதில்லை. சபையாருக்கு எரிச்சல். அதனால் ஒரு கட்டளை போட்டார்கள்: பெயரில்லாத பிரசுரத்தை அச்சிட்டவன், எழுதியவனைக் காட்டிக் கொடுக்க வேண்டும்; காட்டாவிட்டால் அவனே எழுதியதாகக் கொள்ளப்படும்.

அந்த வலையில் விழுந்தவன் ஜெர்வாஸ் என்ற அச்சுக்காரன். அவன் அச்சிட்ட பிரசுரம், போரில் செத்த சிப்பாய்களின் விதவைகளுக்கான உதவிப் பணத்தைச் சபைப் பெரியவர்கள் சிலர் சுருட்டுகிறார்கள் என்று சொன்னது. எழுதியவர் ஒபதியா என்ற போதகர். நல்ல மனிதர், நல்ல எழுத்து. தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருந்தார். ஜெர்வாஸும் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஜெர்வாஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அச்சு எந்திரத்தைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். விஷயம் போதகர் காதுக்கும் போனது. அவர் மண்டியிட்டு ஜெபம் செய்தார். அதோடு சரி.

சிறையில் காய்ச்சல் பரவியிருந்தது. ஜெர்வாஸுக்கும் வந்தது. பார்க்கப் போன மனைவி தாமரியிடம் அவன் வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் வாங்கினான்: "என்ன ஆனாலும் அவர் பேரைச் சொல்லாதே."

தாமரி வெளியே வந்து அழுதுகொண்டே யோசித்தாள். புருஷனும் பிழைக்க வேண்டும், சத்தியமும் நிற்க வேண்டும். அவளுக்கு ஒரு வழி தோன்றியது. சபையாரின் முன்னால் போய் நின்றாள்.

"எழுதினது என் அண்ணன் ஹம்ஃப்ரி. சிப்பாயா இருந்தவன். நியூபரி சண்டையில செத்துட்டான்."

சிப்பாய், சிப்பாய்களின் விதவைகளுக்காக எழுதியிருக்கிறான், நம்பாமல் இருப்பார்களா? ஜெர்வாஸை விட்டுவிட்டார்கள். செத்தவனை யார் என்ன செய்துவிட முடியும் என்று தாமரி நினைத்திருந்தாள். அவள் செய்த தப்புக் கணக்கு அதுதான். செத்தவனின் பெயர் உயிரோடுதான் இருந்தது. மூன்று வயிற்றுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. ஹம்ஃப்ரியின் விதவை ஜோனும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் வாங்கிவந்த உதவிப் பணத்தைச் சபை நிறுத்தியது. சபையைப் பழித்தவன் குடும்பத்துக்குச் சபை ஏன் படியளக்க வேண்டும்?

ஜோன் நேராகத் தாமரியின் வீட்டுக்கு வந்தாள். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

"உங்க அண்ணனுக்குத் தன் பேரையே எழுத வராது, தாமரி. சம்பளம் வாங்கக்கூடச் சிலுவைக் கோடுதான் போடுவார். அவரோட இருந்த சிப்பாய்ங்க எல்லாருக்கும் இது தெரியும். நான் போய் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னா போதும்."

தாமரி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதீங்க அண்ணி. இன்னொரு தடவை உள்ளே போனா இவர் பிணமாத்தான் வருவார்."

மூலையில் படுத்திருந்த ஜெர்வாஸ் எல்லாவற்றையும் கேட்டான். தன் விடுதலையின் விலை என்ன என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. போதகர் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். கொடுத்த வாக்கு தடுத்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜோன் போய்விட்டாள். சபைக்குப் போகவில்லை.

தாமரி போதகரிடம் ஓடினாள். "ஐயா, நீங்க ஒப்புக்கிட்டா அந்தப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு கிடைக்கும்."

போதகர் கண்கலங்கினார். அது நடிப்பில்லை. "நான் உள்ளே போனா இந்த விதவைங்களுக்காக எழுத யாரும்மா இருக்காங்க? அதோட, நான் இப்போ வாயைத் திறந்தா, சபைக்கு முன்னாடி நீ சொன்னது பொய்னு ஆயிடும். உன்னையும் விடமாட்டாங்க, உன் புருஷனையும் விடமாட்டாங்க." அவர் சொன்னதில் பிசகு ஏதும் இல்லை. அதுதான் கொடுமை.

குளிர் முற்றியது. ஜோனின் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் கூடின. நால்வருக்கும் உண்மை தெரியும். நால்வரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கைக் காத்த அச்சுக்காரன், பொய் சொன்ன மனைவி, எழுதிய போதகர், பறிகொடுத்த விதவை. இந்த நால்வரில் வாய் திறந்திருக்க வேண்டியவர் யார்?

விடை: போதகர்தான். அதுவும் ஜெர்வாஸைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கே. அன்று பேசியிருந்தால் தண்டனை அவரோடு போயிருக்கும். அன்று விட்டுவிட்டதால், பிறகு யார் பேசினாலும் அடி இன்னொருவர்மேல்தான் விழுந்திருக்கும். விடை சரியாக இருந்து என்ன பயன்? பிப்ரவரியில் ஜோனின் சின்ன மகள் செத்துப்போனாள். போதகர் மனம் உடைந்து அதை ஒரு பிரசுரமாக எழுதினார். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதென்று ஊரை மாற்றினார்; மகளை மகனாக்கினார். விற்பனை அமோகம். சந்தையில் ஒருவன் அதை உரக்க வாசித்தபோது கூட்டத்தில் ஜோனும் நின்று கேட்டாள். கடைசிவரை கேட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "பாவம், யார் பெத்த பிள்ளையோ."