ஜூன் முப்பத்தொன்று

அசமந்தம்பட்டியில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. முன்பு ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து இது எங்கே போகிறது என்று கேட்பார்கள். கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்வார். சரி, போய்வாருங்கள் என்று ஒதுங்கி நின்று வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மூன்று வருஷம் இப்படி நடந்த பிறகு பஸ் நிற்பதை விட்டுவிட்டது.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்கு முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் கூடிவந்தது. அதற்கு முன் பதினேழு இடத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பதினேழு வீட்டிலும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பாவம், இவ்வளவு காலமாக யோசிக்கிறார்களே என்று அவனுடைய தாய்மாமன் சங்கிலிக்கு அவர்கள்மேல் இரக்கம் உண்டு.

பதினெட்டாவது இடம், எட்டு மைல் தள்ளியிருந்த கல்லுமேடு. பெண் பூரணம், வயது முப்பத்திரண்டு. அவளையும் நிறையப் பேர் வந்து பார்த்து, பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அப்பா சிதம்பரதாணு, கல்லுமேடு பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம், என்ன காரணம் என்று மூன்று கட்டம் போட்ட நோட்டில் எழுதுவது அவர் வேலை. காரணக் கட்டத்தை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. பொய்க் காரணமும் எழுதியதில்லை.

ஜூலை ஒன்றாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பதரை முதல் பத்தரைக்குள் முகூர்த்தம் என்று பத்திரிகை அடித்தார்கள். அசமந்தம்பட்டியைப் பற்றி நாலு வார்த்தை கேள்விப்பட்டிருந்த சிதம்பரதாணு, சங்கிலியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஒண்ணாந்தேதிக்கு முந்தியும் வரப்படாது, பிந்தியும் வரப்படாது. பத்தரை தாண்டிச்சோ, என் தங்கச்சி மவன் பட்டுவேட்டி கட்டித் தயாரா நிப்பான். பிறகு என்னியக் குத்தம் சொல்லப்படாது.”

சங்கிலிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தேதி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதை எப்படிப் பிடித்துவைப்பது? அந்தச் சமயம் பார்த்து, கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய அத்தை மகன் ஞானமுத்து லீவில் வந்தவன், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். பேட்டரி கிடையாது, சாவி கொடுத்தால் ஓடும். மூன்று என்ற எண் இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் தேதி.

முக்குரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஞானமுத்து விளக்கினான். முகப்புக்கு அடியில் ஒரு வளையம் இருக்கிறது. அதில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் அச்சடித்திருக்கும். சின்ன முள் இரண்டு சுற்று வந்தால் ஒரு நாள். அப்போது உள்ளே ஒரு சக்கரம் வளையத்தின் பல்லில் ஒன்றைத் தள்ளும், ஜன்னலில் அடுத்த எண் வந்து நிற்கும். நடுராத்திரியில், ஊர் தூங்கும்போது, தானாக நடந்துவிடும்.

“காலையில சாவி மட்டும் கொடும் அத்தான். தேதியத் தொட்டுராதீரும்” என்றான். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவன் ஏதோ நினைவு வந்து திரும்பி, “முப்பது நாள் மாசத்துல மட்டும்” என்றான். பஸ் எடுத்துவிட்டது.

மிச்சத்தை சொள்ளமுத்து கண்டுபிடித்தார். பொட்டலம் கட்டிவரும் காகிதம் ஒன்று விடாமல் படிப்பவர் என்பதால் ஊரில் அவருக்குப் படித்தவர் என்று பெயர். “முப்பது நாள் மாசத்துல மட்டும் இன்னும் கவனமாத் தொடாம இருக்கணும். வேற என்ன சொல்லியிருக்கப் போறான்” என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

கடிகாரத்தை, சங்கிலியும் ஆவுடையப்பனும் இருந்த வீட்டில் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். தினமும் காலையில் வந்து எட்டிப் பார்த்தால் தேதி மாறியிருக்கும். உள்ளே சக்கரம் என்று சொன்னாலும், ராத்திரி பூரா கண்விழித்து ஒருத்தன் பார்க்கிற வேலை இது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஊர் தூங்கும்போது உழைக்கிறவனை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அசமந்தம்பட்டிக்காரர்கள் நினைத்தார்கள். படுக்கப்போகும்முன் கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தார்கள். காலையில் சர்க்கரை இருக்காது. தாம்பாளம் நிறைய எறும்பு இருக்கும். அவனுக்கு இவ்வளவு பெரிய குடும்பமா என்று சங்கிலி இன்னொரு சிட்டிகை கூட்டிவைத்தார்.

கல்யாணத்தன்று விடியற்காலை. இன்னாசியின் வேன் பூமாலை கட்டி வாசலில் நின்றது. ஆவுடையப்பன் பட்டுவேட்டியில் இருந்தான். சங்கிலி கடைசியாக ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலில் முப்பத்தொன்று.

வேனில் ஏறியிருந்த எல்லாரும் இறங்கினார்கள்.

கடிகாரத்தின்மேல் குற்றமில்லை. அதற்கு முப்பத்தொன்று வரை எண்ணத் தெரியும். மாதத்தின் பெயர் தெரியாது. வருஷத்துக்கு ஐந்து தரம், மாதம் குறையும்போது, மனுஷன் தன் கையால் வளையத்தை நகர்த்திக் கொடுக்கவேண்டும். பஸ் அரை நிமிஷம் நின்றிருந்தால் ஞானமுத்து இதைச் சொல்லி முடித்திருப்பான்.

சுவரில் நாள்காட்டி தொங்கியது. ஜூன் முப்பதைக் கிழித்தால் கீழே ஜூலை ஒன்று இருந்தது. சொள்ளமுத்து கிழிந்த ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார்.

“நடுவுல ஒரு தாளைக் காணோம். அச்சடிச்சவன் விட்டுட்டான்” என்றார்.

“தாளு பெருசா, எஃகு பெருசா?” என்று கேட்டார் சங்கிலி. ஒன்றாம் தேதிக்கு முந்தி வரக்கூடாது என்று சம்பந்தி சொல்லியிருக்கிறார், ஆகவே இன்று போகக்கூடாது, நாளைக்குத்தான் கல்யாணம் என்று முடிவாயிற்று. இன்னாசி மாலையைக் கழற்றித் தண்ணீர் தெளித்து வாளியில் போட்டான்.

ஆவுடையப்பன் மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. “இன்னைக்கு என்ன கிழமை மாமா?” என்று கேட்டான். முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

நேற்று செவ்வாய். பத்திரிகையில் ஒன்றாம் தேதி புதன் என்று போட்டிருக்கிறது. செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவே கிழமை ஏதும் கிடையாது. அப்படியானால் இன்றைக்குக் கிழமை இல்லை. இதை ஒத்துக்கொள்ள அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு சொள்ளமுத்து எழுந்து நின்றார்.

“வே சங்கிலி, ராகுகாலம் எதை வச்சுவே பாக்கோம்?”

“கிழமைய வச்சு.”

“கிழமையே இல்லாத நாளைக்கு ராகு எப்பம் வே வருவாரு?”

சங்கிலிக்கு மெதுவாகப் புரிந்தது. ராகுகாலம் இல்லை, எமகண்டம் இல்லை, குளிகை இல்லை. காலையிலிருந்து பொழுதுசாயும்வரை அப்பழுக்கு இல்லாத நாள். எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாமல் ஒளித்துவைத்திருந்த நாள், இந்த ஊருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. இதை விட்டுவிட்டு நாளைக்குப் போய்த் தாலி கட்டுகிறவன் மடையன். சம்பந்தியின் காலில் விழுந்தாவது கல்யாணத்தை ஒருநாள் முந்தி வைத்துக்கொள்ளச் சொல்லுவோம் என்று கிளம்பினார்கள்.

கல்லுமேடு எல்லையில் இன்னாசி பிரேக் போட்டான். முந்தி வரக்கூடாது என்ற கட்டளை அவனுக்கு அங்கேதான் ஞாபகம் வந்தது. மறுபடி கூடிப் பேசினார்கள். வந்தால்தானே தப்பு, போகிற மாதிரி போனால் தப்பில்லை என்றார் சொள்ளமுத்து. ஆகவே அங்கிருந்து வேன் பின்பக்கமாகவே போனது. வழியில் இரண்டு சைக்கிளும் ஒரு வைக்கோல்போரும் சாய்ந்தன.

பந்தலில் மேளக்காரர்கள் மூன்றாவது தடவை காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி மகன் பட்டுவேட்டியில் நின்றான். சிதம்பரதாணு வாசலில் மணியைப் பார்த்தபடி இருந்தார். மணி பத்து இருபத்திரண்டு. வேனின் முதுகு பந்தல்காலில் இடித்து நின்றது. கதவைத் திறந்து இறங்கிய சங்கிலி வாழைமரத்தைப் பார்த்தார், அடுப்பில் கொதிக்கும் சாம்பாரைப் பார்த்தார், அலங்காரம் செய்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நாங்க சொல்லாமலே தெரிஞ்சு எல்லாம் செஞ்சு வச்சிருக்கீகளே சம்பந்தி. உங்க அறிவு யாருக்கு வரும்” என்றார்.

சிதம்பரதாணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்து இருபத்தொன்பதுக்குத் தாலி ஏறியது.

மத்தியானம் பூரணம் புகுந்த வீட்டுக்கு வந்தாள். விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் தாம்பாளமும் கடிகாரமும் எறும்பும். இது என்ன என்றாள். ஊரே கூடி விவரம் சொன்னது. அப்பாவின் கடிகாரத்துக்கு வருஷக்கணக்காகச் சாவி கொடுத்தவள் அவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பக்கவாட்டுத் திருகை நகத்தால் பாதி இழுத்து, ஒரு திருகு திருகினாள். முப்பத்தொன்று போய் ஒன்று வந்தது. திருகு கொஞ்சம் வழுக்கியதில் இரண்டும் வந்துவிட்டது. அந்த வளையம் முன்னால் மட்டுந்தான் போகும், பின்னால் வராது. ஆகவே இரண்டிலிருந்து மறுபடி ஒன்று வரும்வரை முப்பது தரம் திருகினாள். கொஞ்ச நேர வேலை.

ஊரார் கண்ணெதிரே ஒரு மாதம் போய்விட்டது.

“இன்னைக்கு ஆகஸ்ட் ஒண்ணு” என்றார் சொள்ளமுத்து, தூணைப் பிடித்துக்கொண்டு. “ஆடி பாதி ஓடிட்டு வே.”

சங்கிலி தலையில் கைவைத்தார். ஆடி மாதத்தில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கலாமா? ஆடிக்குப் பெண்ணை அனுப்பவில்லை என்று நாளைக்கு ஊர் என்ன பேசும்? பூரணம் எவ்வளவோ சொன்னாள். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், கேட்கவில்லை. பால்பழம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அவளை வேனில் ஏற்றிக் கல்லுமேட்டில் இறக்கிவிட்டார்கள். கல்யாணப் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. சிதம்பரதாணு காரணம் கேட்டார். ஆடி என்றார்கள். அவர் நாள்காட்டியைப் பார்த்தார், ஆனி பதினேழு. மேற்கொண்டு கேட்க அவருக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்குத் திரும்பிய ஆவுடையப்பன் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டான். கல்யாணம் ஆன அன்றே பெண்டாட்டி போய்விட்டாள். ஆடி முடிந்தால் கூட்டிவரலாம். தொடக்கூடாத கடிகாரத்தை அவளே தொட்டுக் காட்டியிருக்கிறாள். மெல்லத் திருகை இழுத்தான். இன்னும் பதினாறு திருகு போதும் என்று சொள்ளமுத்து கணக்குச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். பதினொன்றில் தும்மல் வந்து எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து எண்ணினார்கள். இருபதில் நிறுத்த மறந்தார்கள். மறுபடி முதலிலிருந்து. இப்படியே வளையம் சுற்றிச் சுற்றி வந்தது.

“எத்தனை சுத்து ஆச்சு?” என்றார் சங்கிலி.

ஒன்பது என்றான் இன்னாசி. பத்து என்றார் சொள்ளமுத்து. ஆவுடையப்பன் கை நின்றது.

பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பி ஒன்பது பத்து மாதம் ஆகிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கந்தான், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா? சம்பந்தி இப்படிப்பட்டவர் என்று நினைக்கவில்லை என்று சங்கிலி மனம் நொந்தார். ஆவுடையப்பன் பரணில் ஏறினான்.

மறுநாள் காலை, கல்யாணத்துக்கு மறுநாள், வேன் கல்லுமேட்டில் போய் நின்றது. ஆவுடையப்பன் மரத்தொட்டிலோடு இறங்கினான். பின்னால் காதுகுத்த ஆசாரி.

சங்கிலி பேசப்பேச, சிதம்பரதாணுவின் முகம் கறுத்துச் சிவந்தது. “பூரணம், உள்ள போ” என்றார். “தாலி கட்டி ஒரு நாளு முழுசா ஆகல. இந்தச் சம்பந்தமே வேண்டாம். இன்னைக்கே வக்கீலப் பாத்து முடிச்சிருதேன்.”

ஆவுடையப்பன் நிமிரவே இல்லை. இது அவனுக்குப் பழக்கமான இடந்தான். பதினேழு வாசலில் இதே மாதிரி நின்றிருக்கிறான். இந்தத் தடவை கையில் தொட்டில் இருந்ததால் கையை எங்கே வைப்பது என்ற சங்கடம் மட்டும் இல்லை.

பூரணம் உள்ளே போகவில்லை. தொட்டிலைப் பார்த்தாள். ராத்திரியே தேய்த்துக் கழுவியிருந்தான். மேல்கட்டையில் ஒரு கிலுகிலுப்பை தொங்கியது. அதை எடுத்து ஆட்டினாள், சத்தம் வரவில்லை. பிரித்தால் உள்ளே பஞ்சு.

“இது எதுக்கு?”

“பிள்ள தூங்கிட்டிருந்தா முழிச்சிரும்லா” என்றான் ஆவுடையப்பன், தரையைப் பார்த்து.

பூரணம் பஞ்சை மறுபடி உள்ளே வைத்து மூடினாள். அப்பா வாயைத் திறந்தார். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

“சத்தம் போடாதீங்கப்பா. இப்பந்தான் தூங்குது.”

சிதம்பரதாணு வாயை மூடினார். அசமந்தம்பட்டிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பூரணம் தன் துணிமூட்டையைக் கொண்டுவந்து தொட்டிலில் வைத்தாள். ஆவுடையப்பன் அதை மூச்சுப்பிடித்து வேனில் ஏற்றினான். மூக்கு நம்ம பக்கந்தான் என்று சங்கிலி சொள்ளமுத்துவின் காதில் சொன்னார்.

இன்னாசி எஞ்சினைப் போடவில்லை. எட்டு மைலும் தள்ளினார்கள்.

பாதி வழியில், குறுகலான ரோட்டில், எதிரே கல்லுமேடு போகும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சொள்ளமுத்து ஓடிப்போய்க் குறுக்கே படுத்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட டிரைவர் இறங்கி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பூரணம் உதட்டில் விரலை வைத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் எஞ்சினை அணைத்தார். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி பஸ்ஸைத் தள்ள ஆரம்பித்தார்கள். எதுவரைக்கும் தள்ளவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை கல்லுமேடு பஸ் நிலையத்துக்குள் ஒரு பஸ் சத்தமே இல்லாமல் நுழைந்தது. சிதம்பரதாணு நோட்டைத் திறந்தார். தாமதம், நான்கு மணி பத்து நிமிடம். காரணக் கட்டத்தின்மேல் பேனா வெகுநேரம் நின்றது. டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். சிதம்பரதாணு கோணாமல் மாணாமல் எழுதினார்:

குழந்தை தூங்குகிறது.