கசிவின் நிறம்

"தாயே, கரை கசியுது."

ஏகாம்பரம் மூச்சு வாங்க வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு.

வடிவம்மை பயறு களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன நிறம்?"

"கசியுதுங்கறேன் தாயே. கரையடியில, புளியமரத்துக்குக் கிழக்கே. ஏரி முட்ட முட்ட நிக்குது. மழையும் விடல."

"அதான் கேக்கறேன். வர்ற தண்ணி என்ன நிறம்?"

அவர் பார்க்கவில்லை. கசிவைக் கண்டதுமே ஓடி வந்துவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவன் எங்கே நின்று நிறம் பார்க்கப்போகிறான்?

ஏகாம்பரத்தைக் குறை சொல்லவும் முடியாது. சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஐப்பசியில், அவர் ஊர் ஏரி உடைந்தது. வீடு போயிற்று. வீட்டில் இருந்த மனைவியும் போனாள். அவர் அழவில்லை. மகள் செவந்தி வாழ்க்கைப்பட்டிருந்த இந்த ஊருக்கு வந்து, ஏரிக்கரை ஓரத்து மடத்தில் சேர்ந்துகொண்டார்.

மடத்துக்குத் தலைவி வடிவம்மை. ஏகாம்பரத்தைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே அவர் "தாயே" என்றுதான் கூப்பிட்டார்.

"வீட்ல யார் யாரு?" என்று அன்றைக்கு அம்மை கேட்டார்.

"மகள் மட்டும்தான்."

மனைவியின் பெயரை அவர் சொல்லவில்லை. அம்மையும் மேற்கொண்டு கேட்கவில்லை.

செவந்தியின் வீடு கரைக்கு நேர் கீழே இருந்தது. இப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. பாட்டி பெயரைத்தான் வைக்க வேண்டும், அதைத் தாத்தாதான் குழந்தையின் காதில் சொல்ல வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். அந்தப் பேச்சை எடுத்தாலே ஏகாம்பரம் கரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார்.

அம்மை ஒரு பித்தளைச் செம்பை நீட்டினார். அடியில் நசுங்கிய பழைய செம்பு.

"மொண்டுட்டு வாங்க."

அவர் ஓடினார். மொண்டு வந்தார். அம்மை செம்புக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் இருந்த நசுங்கல் தெரிந்தது. அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"தெளிவா இருக்கு. வரட்டும்."

"வரட்டுமா! கரை உடைஞ்சா?"

"கரைன்னா கசியத்தான் செய்யும். மண்ணைக் கூட்டிட்டு வருதான்னு மட்டும் பாத்துட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவரால் முடியாத காரியம். சோற்றில் கை வைத்தால் ஏரி ஞாபகம் வந்தது. கண்ணை மூடினால் சலசலப்புக் கேட்டது. மகள் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"மேட்டுக்கு வந்துடும்மா."

"நீ தெனமும் இதத்தாம்பா சொல்ற" என்று சிரித்தாள் செவந்தி. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு ஏகாம்பரத்தால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே போய்க் களிமண்ணை வெட்டினார். மிதித்துக் குழைத்தார். கசிந்த வாயில் அப்பி, காலால் மிதித்து இறுக்கினார். ஒரு சொட்டு வரவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"தாயே, அடைச்சுட்டேன்!"

அம்மை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அந்த முகம் மாறி ஏகாம்பரம் பார்த்ததே இல்லை. இப்போது மாறியது.

"ஏரியில தண்ணி குறைஞ்சிருக்கா?"

"இல்ல தாயே. ஏறித்தான் இருக்கு."

"அப்போ நீங்க வெளிய விடாத தண்ணி எங்க நிக்குது?"

"கரைக்குள்ள, தாயே" என்றார் ஏகாம்பரம்.

அம்மை ஓடினார். பின்னால் அவரும் ஓடினார்.

களிமண் அடைப்பு கெட்டியாக, அழகாக இருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நேற்று வரை ஒன்றுமில்லாத இடத்தில், தரை கஞ்சி கொதிப்பதுபோலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் செம்பில் மொண்டார். செக்கச்செவேல் என்றிருந்தது. நசுங்கல் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

இந்த முறை அம்மை குடிக்கவில்லை.

"மணியடிங்க!" என்று கரைமேல் நின்றவர்களிடம் கத்தினார். "கீழ இருக்கறவங்க மேட்டுக்கு ஏறட்டும். மதகைத் திறங்க!"

ஏகாம்பரம் மறுபடியும் களிமண்ணை வாரிக்கொண்டு வந்தார். அம்மை குறுக்கே நின்றார்.

"அதைப் போடுங்க கீழ. மடத்து முற்றத்து மணலைக் கொண்டாங்க."

"அது நீங்க உக்கார்ற இடம் தாயே!"

"இனிமே வேற எங்கயாவது உக்கார்றேன்."

ஊரே முற்றத்து ஆற்றுமணலைக் கூடைகூடையாகச் சுமந்தது. கொட்டிய மணலைத் தண்ணீர் தூக்கித் தூக்கி எறிந்தது. கொட்டிக்கொண்டே இருந்தார்கள். மணல் நின்றதும் அதன்மேல் சரளை, சரளைமேல் கருங்கல்.

"இப்ப அந்தக் களிமண் அடைப்பை எடுங்க" என்றார் அம்மை.

ஏகாம்பரம் இரண்டடி பின்வாங்கினார். அந்த ஒரு பிடி மண்தான் தன் மகளையும் பேத்தியையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றே அவருக்குத் தோன்றியது.

"என்னால முடியல தாயே."

"நீங்க அடைச்சது. நீங்கதான் எடுக்கணும்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடுங்கினார். தண்ணீர் மார்பில் அறைந்தது. அலறிவிட்டார். அந்த இடத்திலும் மணல் விழுந்தது. பிறகு சரளை, பிறகு கல்.

கல் இடுக்குகளில் தண்ணீர் நிற்காமல் வடிந்தது.

"இது எப்படித் தாயே தண்ணிய நிறுத்தும்?"

"யாரு நிறுத்தச் சொன்னா? மண்ணு நிக்கட்டும். தண்ணி போகட்டும்."

ஏகாம்பரம் இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி மொண்டு பார்த்தார். சிவப்பு. ஊற்றிவிட்டு மறுபடி மொண்டார். கழுநீர் நிறம். மதகு இரைந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில், செம்பின் அடியில் அந்த நசுங்கல் தெரிந்தது. அவர் செம்பை அம்மையிடம் நீட்டினார்.

"நீங்க குடிங்க" என்றார் அம்மை.

குடித்தார். மண்வாசம் இருந்தது, மண் இல்லை.

மேட்டில், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, செவந்தி குழந்தையோடு நின்றிருந்தாள். அம்மை அந்தப் பக்கம் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன பேரு?"

ஏகாம்பரம் வழக்கம்போலக் கரையைப் பார்க்கத் திரும்பினார். கரை அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"பச்சையம்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் உதடு துடித்தது. பதறிப்போய்த் தோள் துண்டை இழுத்துக் கண்ணில் அழுத்தப் போனார்.

அம்மை துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். செம்புக்குள் பார்ப்பதுபோல அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வரட்டும்" என்றார்.