மூன்று வாரமாக எங்கும் போகாத கார்

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கார் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குளிரில் பல் அடித்துக்கொள்வது போல, டக் டக் டக் டக் என்று. சாவியைத் திருகியவள் ஜெனோவாதான். ஆனாலும் சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி திருகினாள். மறுபடியும் பல் அடித்தது. எஞ்சின் ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

தோளில் அமலி தூங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மாதக் குழந்தை. காலையில்தான் ஆட்டோவில் போய்த் தடுப்பூசி போட்டது. உடம்பு லேசாகச் சுட்டது. காய்ச்சல் வரும், மருந்து கொடுங்கள், இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில்தான் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அன்று காரை எடுக்கக் கணவன் பிரிட்டோ வீட்டில் இருந்தான். இப்போது அவன் கப்பலில், கரை தொட இன்னும் எட்டு நாள். உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவுக்கு இருட்டினால் ஆட்டோ வராது. ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர்.

ஜெனோவா தனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். சகாயராணி, பெண்களுக்குக் கார் ஓட்டவும் கற்றுக்கொடுப்பவள். படிக்க வருகிறவர்கள் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கான்வென்டில் ஜெனோவாவுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். அதனால், தன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஜெனோவாவை இன்றைக்கும் அவள் அக்கா என்றே கூப்பிட்டாள். ஜெனோவா மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குழந்தை தூங்குகிறதா என்று மட்டும் கேட்டாள். தூங்கட்டும், வருகிறேன் என்றாள்.

கால் வைக்கிற இடத்தில் ஒரு பேட்டரியோடு மாஸ்டரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜெனோவா ஆரம்பித்தாள். எலி கடித்திருக்கும். உப்புக் காற்றில் உள்ளே எல்லாம் அரித்திருக்கும். நாலு மாதத்துக்கு முன் பேட்டரி விற்றவன் பழசைப் புதுசென்று தலையில் கட்டியிருப்பான். இல்லை, யாரோ வேண்டுமென்றே ஏதோ பண்ணியிருக்கிறார்கள். மாஸ்டர் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சொல்லியாச்சாக்கா?"

"ம்."

"அப்ப ஹாரன அடிங்க."

சளி கட்டிய ஆடு போல ஹாரன் கத்தியது. விளக்கைப் போடச் சொன்னாள். கொசுவர்த்தி முனை அளவுக்கு எரிந்தது. மாஸ்டர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, பேட்டரியின் முனைகளைக் கையால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. வெள்ளையாக உப்புப் பூத்திருக்கவும் இல்லை. வயர்களை ஒவ்வொன்றாகத் தடவி வந்தாள்.

"எலி கடிக்கல. உப்பும் அரிக்கல. பேட்டரிக்காரனத் திட்டாதீங்க, பாவம். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. காலியா இருக்கு."

"சும்மா நிக்கிற வண்டியில எப்படி மாஸ்டர் காலியாகும்?"

"அதான் நானும் யோசிக்கேன். கடைசியா எப்ப வெளிய எடுத்தீய?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுதான் கடைசி, அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவே இல்லை என்றாள் ஜெனோவா.

மாஸ்டர் காரின் பின்பக்கம் போய்க் குந்தினாள். புகைக்குழாய்க்கு நேரே சுவரில், ஒரு தட்டு அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. அதில் விரலை ஒற்றி எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் நீட்டினாள்.

"எங்கயும் போகாத வண்டி இவ்வளவு புகைய எப்பக்கா விட்டுச்சு?"

ஜெனோவா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"தெரியலயா? ஸ்கூல்ல யாராவது வாயத் தொறந்து தமிழ் பேசுனா உடனே பேர எழுதி சிஸ்டர்ட்ட குடுப்பீய. இது மட்டும் கண்ணுல படலயாக்கும்."

ஜெனோவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. தான்தான் என்று சொன்னாள். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வந்து ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வண்டி கிளம்பவேண்டுமே என்று. எஞ்சின் ஓடும்போது ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி முடிப்பாள். உடனே அணைத்துவிடுவாள். பதினொரு மணிக்கு இன்னொரு தடவை. பால் கொடுக்க மூன்று மணிக்கு எழுந்தால் மனசு கேட்காமல் அப்போதும் ஒரு தடவை.

மாஸ்டர் விரலைத் துடைத்தாள்.

"ஸ்டார்ட் ஆகுறதுக்கு பேட்டரில இருந்து ஒரு குடம் போவும். வண்டி ஓட ஓடத்தான் அது திரும்ப ரொம்பும். நீங்க ஒரு டம்ளர் ரொம்புறதுக்குள்ள அணைச்சிருக்கீய."

"கிளம்புதான்னு பாக்கத்தானே மாஸ்டர் செஞ்சேன்."

"கிளம்புச்சுல்லா? எட்டு மணிக்குக் கிளம்புச்சு. பதினொன்னு வரைக்காவது நம்புனீயளா?"

ஜெனோவா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாஸ்டர் தான் கொண்டுவந்த பேட்டரியைக் கீழே வைத்து, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாட்டினாள். ஜெனோவா சாவியைத் திருகினாள். ஒரே திருகில் கார் உறுமிக்கொண்டு எழுந்தது. அவள் உதடு தானாக மந்திரம் சொன்னது. மந்திரம் முடிந்ததும் கை தானாகச் சாவிக்குப் போனது. மாஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டுங்க."

"எங்க மாஸ்டர்?"

"நேரா."

வயர்களைக் கழற்றிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு மாஸ்டர் பின் சீட்டில் உட்கார்ந்தாள். உப்பளத்து ரோட்டில் கார் போனது. குழந்தைக்குச் சுடுகிறதா என்று ஜெனோவா கேட்டாள். ரோட்டைப் பாருங்க என்று பதில் வந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டாள். அதே பதில். மூன்றாம் தடவை அவள் கேட்பதற்கு முன்னால் மாஸ்டரே சொன்னாள்.

"கழுத்தெல்லாம் வேர்த்திருக்கு. காய்ச்சல் எறங்குது."

ஜெனோவா ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பித் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் கழுத்து ஈரமாக, குளிர்ந்திருந்தது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். எஞ்சினை அணைக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே போக வேலையில்லாமல், அப்படியே திரும்பி வந்தாள்.

வாரத்துக்கு ஒரு நாள் இதேபோல் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும், மற்ற நாளில் அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கிளம்பினாள். ஜெனோவா குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு வாசல்வரை வந்தாள். வழியனுப்பியவள் கதவைச் சும்மா சாத்திவிட்டு, உள்ளே ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்தாள். வெளியே அந்தச் சத்தம் கேட்ட மாஸ்டர் கதவைத் தட்டினாள்.

"தாழ்ப்பாள் கெட்டுப்போச்சா?"

"இல்ல மாஸ்டர். போடுறதில்ல. திடீர்னு பிள்ளையத் தூக்கிட்டு ஓடணும்னா..."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

"தூக்கம்?"

"கதவத் தொறந்து போட்டுட்டு எப்படி மாஸ்டர் தூங்குறது?"

மாஸ்டர் உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். கட்டிலில் கிடந்த தலையணையைக் காட்டினாள். இதுதான் பிள்ளை, தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றாள். விளையாட்டென்று நினைத்து ஜெனோவா தயங்கி நின்றாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஜெனோவா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு கையால் தாழ்ப்பாளை இழுத்தாள், கதவைத் திறந்தாள், வாசலில் போய் மூச்சு வாங்க நின்றாள்.

"தாழ்ப்பாளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு மாஸ்டர்?"

மாஸ்டர் இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு எண்ணுற நேரம். மூணு வாரம் தூங்காம நீங்க மிச்சம் பிடிச்சது இதான்க்கா."

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஸ்கூட்டர் கிளம்பும்வரை ஜெனோவா காத்திருக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.