ஹசிந்தாவின் நாவலுக்கு ஓர் அட்டை

மெக்சிகோ நகரில் ஒரு பதிப்பகம் இருந்தது. தன் புத்தகங்களின் அட்டைக்காக வரையப்பட்ட மூல ஓவியங்களை அது தூக்கிப் போடுவதில்லை. கட்டடத்தின் மேல்மாடி முழுவதும் அகலமான மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் மெல்லிய தாளில் சுற்றிய ஓவியங்கள் படுத்திருந்தன. பக்கத்து அலமாரியில் அந்தந்த ஓவியத்துக்கு உரிய புத்தகம் இருந்தது.

அந்தக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஹிமேனா. வயது முப்பத்தைந்து. எந்தப் புத்தகத்துக்கு யார் அட்டை வரைவது என்று முடிவு செய்வதும் அவர்தான். அவரிடம் கற்றுக்கொள்ளச் சிலர் வருவார்கள். அவர் பாடம் நடத்துவதில்லை. ஓர் ஓவியத்தை எடுத்து மேசையில் வைப்பார். அதன் புத்தகத்தைப் பக்கத்தில் வைப்பார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரு நாள் அபுந்தியோ வந்தார். அறுபதைத் தாண்டியவர், காலண்டர் ஓவியர். அவர் படம் தொங்காத இறைச்சிக் கடை அந்த நாட்டில் குறைவு. எரிமலையின் அடிவாரம், தோளில் குடத்தோடு நிற்கும் ஒரு சிறுமி. ஆடை மாறும், மலையின் நிறம் மாறும், சிறுமி மட்டும் மாறமாட்டாள். இத்தனை பெயர் வாங்கியவர், தன்னைவிட இவ்வளவு இளையவரிடம் எதற்காகக் கற்க வந்தார் என்று பதிப்பகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அபுந்தியோவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஓர் இழுப்பறையைத் திறப்பார், பாதி பார்ப்பார், அடுத்ததைத் திறப்பார். ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார்.

"இத்தனை அட்டைகளில் எது சிறந்தது, மாயெஸ்த்ரா?" என்று கேட்டார். கலை கற்பிக்கும் பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

ஹிமேனா ஓர் ஓவியத்தை எடுத்து வைத்தார். முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் ஒரு சட்டைப் பொத்தான்.

"இதில் ஒன்றுமே இல்லையே."

"புத்தகம் பக்கத்தில் இருக்கிறது, ஐயா."

"படித்து முடிக்க நாளாகுமே. என்ன கதை என்று நீங்களே சொல்லிவிடுங்களேன்."

ஹிமேனா ஓவியத்தை மறுபடி தாளில் சுற்றி உள்ளே வைத்தார்.

அடுத்த வாரம் அபுந்தியோ ஒரு தாள்கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"என் மகள் ஹசிந்தா எழுதிய நாவல். உங்கள் பதிப்பகம்தான் வெளியிடப் போகிறது. இந்தப் பிரதியைக் கீழே அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். இதற்கு நான் அட்டை வரைய வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நாவலைப் படித்தேன்."

அபுந்தியோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள்?"

"பிரதி உங்களிடம் இருக்கிறது."

ஹசிந்தா வஹாகா நகரில் ஆசிரியையாக இருந்தாள். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவள். தாய் இறந்தபோது வந்தாள், அடக்கம் முடிந்ததும் போய்விட்டாள். தந்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு வரவும் இல்லை. அவள் கோபத்துக்கு என்ன காரணம் என்று அபுந்தியோவுக்கு விளங்கவே இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. அவளைப் போல் நாடு முழுவதும் பார்த்து ரசித்த குழந்தை வேறு யார் என்று நினைப்பார்.

"நான் பேசினால் கேட்கமாட்டாள்" என்றார் அபுந்தியோ. "ஆனால் எனக்கு வரையத் தெரியும். இந்த அட்டையைப் பார்த்தால் அவள் மனம் இளகும்."

"படித்துவிட்டீர்களா?"

"தொடங்கியிருக்கிறேன்."

அவர் உண்மையில் தொடங்கித்தான் இருந்தார். முதல் அத்தியாயத்தில் ஒரு வீட்டு முற்றம், ஒரு சிறுமி, தூரத்தில் எரிமலை. அதைப் படித்ததுமே கை பரபரத்தது. பிரதியை மூடிவிட்டு வண்ணம் கலக்க உட்கார்ந்தார். காப்பகத்தின் ஒரு மூலையில் ஓவியத் தாங்கியை நிறுத்திக்கொண்டார். காலையில் வந்தால் மாலை வரை வரைவார். சாப்பாட்டை மறந்தார். இடையிடையே எழுந்து நடப்பார், தள்ளி நின்று பார்ப்பார், பிடிக்காமல் துடைப்பார், மறுபடி வரைவார்.

படம் முடிந்த அன்று ஹிமேனாவை அழைத்தார்.

"இதுவரை நான் வரைந்ததில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

பொய்யில்லை. சிறுமியின் பின்னலில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. குடத்தின் விளிம்பில் தண்ணீர் இப்போதுதான் தளும்பியது போலிருந்தது.

ஹிமேனா வெகுநேரம் பார்த்தார்.

"யார் இந்தப் பெண்?"

"ஹசிந்தாதான். வேறு யார்?"

"ஹசிந்தாவுக்கு இப்போது என்ன வயது?"

அபுந்தியோ யோசித்தார். "நாற்பதுக்குப் பக்கத்தில்."

"இவள் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?"

"படத்தைப் பார்ப்பவரை."

"வரையும்போது அந்த இடத்தில் நின்றவர் யார்?"

அவர் பதில் சொல்வதற்குள் தெருவில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலி எழுந்தது. அந்த ஊரில் அது கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். வெளியே வந்து நிற்கும்போதே தரை அசையத் தொடங்கிவிட்டது. மின்கம்பிகள் ஊஞ்சல் போல் ஆடின. எதிரே பல் மருத்துவரின் நோயாளி கழுத்தில் கட்டிய துணியோடு நின்றிருந்தார். முடிவெட்டும் கடையிலிருந்து ஒரு பெண் பாதித் தலைக்குச் சாயத்தோடு வந்து நின்றாள். ஒரு நாய் குரைப்பதை நிறுத்தவே இல்லை.

பிறகு எல்லாம் அடங்கியது. தெருவில் எதுவும் இடியவில்லை.

ஹிமேனா, வேகமாக நடக்க முடியாத வாயிற்காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அபுந்தியோ தன் ஓவியத்தை மார்போடு அணைத்திருந்தார். காயாத வண்ணம் சட்டையில் ஒட்டியிருந்தது.

"நல்லவேளை, எடுத்து வந்துவிட்டேன்" என்றார். மூச்சு வாங்கியது.

"பிரதி?"

அபுந்தியோ மேல்மாடி ஜன்னலைப் பார்த்தார்.

"மேசையிலேயே இருக்கிறது. அவளிடம் இன்னொரு பிரதி இருக்கும்."

"இருக்கும்" என்றார் ஹிமேனா. "அவளிடம் இருக்கும்."

அபுந்தியோவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஓவியத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். சுவரில் சாய்த்தார், மறுபடி எடுத்தார். யாரோ நலம் விசாரித்ததற்கு வேறெதையோ பதிலாகச் சொன்னார். உள்ளே போகலாம் என்றதும் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினார்.

கூரையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு மேசையெல்லாம் படிந்திருந்தது. அவர் பிரதியைத் தட்டித் துடைத்தார். நின்றபடியே படிக்கத் தொடங்கினார்.

இழுப்பறைகளுக்கு நடுவே நடந்துகொண்டே படித்தார். சில இடங்களில் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். சில இடங்களில் தள்ளிப் பிடித்தார். மறுநாளும் அப்படியே படித்தார்.

நாவலில் ஒரு சிறுமி தினமும் பள்ளிவிட்டு வந்ததும் தோளில் குடத்தோடு நிற்கிறாள். "படம் முடியும்வரை அசையாதே" என்கிறார் தந்தை. கை மரத்துப் போகிறது. தெருவில் மற்ற பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது. பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் சுவரில் அவளே நிற்கிறாள். "ஏ காலண்டர்" என்று பேருந்தில் பையன்கள் கூப்பிடுகிறார்கள். வளர வளர, படத்தில் அவள் மட்டும் வளரவில்லை. பதினெட்டு வயதில் ஒரு நாள் பின்னலை வெட்டிக்கொண்டு தந்தையின் முன் போய் நிற்கிறாள். "இனி நான் படத்தை எப்படி முடிப்பேன்?" என்று அவர் கேட்கிறார்.

அன்று அப்படிக் கேட்டது அபுந்தியோவுக்கு நினைவிருந்தது.

ஆனால் அவரைக் கீழே உட்கார வைத்தது வேறொரு பக்கம். தந்தை வண்ணம் கலக்கும்போது பாடுவார் என்றும், அந்தப் பாட்டுக்காகவே சிறுமி சில நாள் வலியை மறந்து நின்றாள் என்றும் அங்கே எழுதியிருந்தது. தரையில் இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்தார். வெகுநேரம் எழவில்லை.

மாலையில் ஹிமேனாவிடம் வந்தார்.

"நான் என்ன செய்யட்டும்?"

"தொலைபேசி கீழே இருக்கிறது."

அபுந்தியோ கீழே போனார். எண்ணை அழுத்திவிட்டு வைத்தார். மறுபடி அழுத்தினார்.

"ஹசிந்தா, அப்பா பேசுகிறேன்."

"சொல்லுங்கள்."

"புத்தகம் படித்தேன்."

"முழுவதுமா?"

"முழுவதும்."

அபுந்தியோ தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினார்.

"நான் பாடுவதைப் பற்றி எழுதியிருக்கிறாய்" என்றார்.

"நன்றாகத்தானே பாடுவீர்கள்."

"அட்டையை நான் வரையட்டுமா? வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்."

"என்னை வரையாதீர்கள், அப்பா. அது முடியும் என்றால் வரையுங்கள்."

அன்றிலிருந்து அபுந்தியோவின் தவிப்பு இன்னும் கூடிவிட்டது. வெறும் முற்றத்தை வரைந்தார், கிழித்தார். எரிமலையை மட்டும் வரைந்தார், கிழித்தார். தரையில் ஒரு வெற்றுக் குடம், வெட்டிய பின்னல் என்று எதை வரைந்தாலும் அவள் நின்ற இடம்தான் காலியாகத் தெரிந்தது. தான் இன்னும் அவளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

"மாயெஸ்த்ரா, என்னால் முடியவில்லை" என்றார். "அவளை வரையாமல் அவள் புத்தகத்துக்கு எப்படி அட்டை போடுவது?"

ஹிமேனா எழுந்தார். குடத்துச் சிறுமியின் ஓவியத்தைத் தாங்கியில் ஏற்றி அறையின் நடுவில் நிறுத்தினார்.

"நில்லுங்கள்."

அபுந்தியோ பழக்கத்தில் படத்தின் எதிரே போய் நின்றார்.

"அங்கே அல்ல."

அவரை அழைத்துப்போய் ஓவியத்துக்குப் பின்னால் நிறுத்தினார் ஹிமேனா. பிறகு முன்பக்கமாகப் போனார், ஓவியர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார்.

அபுந்தியோவின் கண்ணெதிரே பழுப்பு நிறத் துணி. அதைச் சுற்றி மரச் சட்டம், வரிசையாக ஆணிகள், நடுவே ஒரு குறுக்குக் கட்டை. தாங்கியின் கால்களுக்கு இடையில் ஹிமேனாவின் காலணிகள் மட்டும் தெரிந்தன.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?"

"படம் முடியும்வரை." குரல் மட்டும் வந்தது.

அபுந்தியோ அசையாமல் நின்றார். வெளியே தெருவில் யாரோ கூவி எதையோ விற்றுக்கொண்டு போனார்கள். வெளிச்சம் சுவரில் நகர்ந்து மங்கியது. ஹிமேனா விளக்கைப் போட்டபோதும் அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

மறுநாள் அபுந்தியோ, ஹசிந்தா நின்ற அந்த இடத்திலிருந்தே வரையத் தொடங்கினார். துணியின் பழுப்பு நிறத்துக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அழகான வண்ணங்கள் தானாக வந்து கையில் ஒட்டின, ஒவ்வொன்றாகத் தள்ளினார். பின்பக்கம் காட்டி நிற்கும் பெரிய கான்வாஸ். அதற்குக் கீழே, தாங்கியின் கால்களுக்கு நடுவே, வரைபவரின் இரண்டு பாதங்கள், பழைய தோல் செருப்புகளில். வேறு எதுவும் இல்லை.

படத்தைப் புகைப்படம் எடுத்து ஹசிந்தாவுக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை அபுந்தியோ படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்.

பதில் வந்தது. "இடது செருப்பின் வார் அறுந்திருக்கும். கம்பி போட்டுக் கட்டியிருப்பீர்கள்."

அபுந்தியோவுக்கு அது சுத்தமாக மறந்திருந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். கண்ணை மூடி யோசித்தபோது கம்பியின் முனை பெருவிரலில் குத்தியது நினைவுக்கு வந்தது. மேலே போய்ச் சின்னத் தூரிகையால் கம்பியை வரைந்தார். மறுபடி அனுப்பினார்கள்.

"இப்போது சரி" என்று எழுதியிருந்தாள் ஹசிந்தா. கீழே இன்னொரு வரி இருந்தது. "புத்தகம் வந்ததும் எனக்குரிய பிரதிகளை நீங்களே கொண்டுவாருங்கள்."

அபுந்தியோ அந்த வரியை ஹிமேனாவிடம் காட்டினார். ஹிமேனா படித்துவிட்டுத் தலையசைத்தார். ஓவியத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோக ஆள் வந்து காத்திருந்தார்.

"ஒரு நிமிடம்" என்றார் அபுந்தியோ. "கையெழுத்துப் போட மறந்துவிட்டேன். எங்கே போடட்டும், மாயெஸ்த்ரா?"

"வழக்கமாக எங்கே போடுவீர்கள்?"

"கான்வாஸின் முன்பக்கம். வலது கீழ்மூலையில்."

"இதிலும் அங்கேயே போடுங்கள்."

அபுந்தியோ தூரிகையை வண்ணத்தில் தோய்த்துக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். தான் வரைந்த ஆணிகளையும் சட்டத்தையும் பழுப்புத் துணியையும் பார்த்தார்.

"இதில் முன்பக்கம் தெரியவில்லையே."

"ஆமாம்" என்றார் ஹிமேனா. "அங்கேதான்."

அபுந்தியோ தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு, படத்தை அப்படியே அச்சகத்து ஆளிடம் கொடுத்தார்.