சுண்ணாம்புப் பானைக்கு மூடி இல்லாமல் போனது

அந்தக் காலத்தில் கல்லும் காற்றும்கூட நம்மைப் போல வாய்விட்டுப் பேசும். கேட்கத்தான் ஆட்களுக்குத் தெம்பு வேண்டும்.

உப்பங்கழி ஓரத்தில் அன்னக்கொடி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் அவள் புருஷன் மாசாணமும் கழியில் கிளிஞ்சல் அரித்து, சூளையில் சுடுவார்கள். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பூத்துச் சுண்ணாம்பாகிவிடும். ஊரார் சுவருக்குப் பூச வாங்கிப் போவார்கள்.

ஓர் அடைமழையில் அவர்கள் மகள் பூவாயி பிள்ளை பெற்றாள். பெற்ற மறுநாள் அவளுக்குக் குளிர் கண்டது. பச்சை உடம்பு வெடவெடவென்று ஆடியது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தே ஆகவேண்டும். வீட்டிலோ ஒரு சுள்ளி கிடையாது. இருந்த விறகையெல்லாம் சூளை தின்றுவிட்டது. வெளியே கிடந்தது நனைந்து ஊறிவிட்டது. மாசாணம் விறகு கேட்டு அக்கம்பக்கம் போனான்.

பல நாள் தூக்கமில்லாத அன்னக்கொடி சுவரில் சாய்ந்து, "கடவுளே, ஒரு வழி காட்டு" என்றாள். மூலையில் சுட்ட கிளிஞ்சல் ஒரு பானை நிறைய இருந்தது.

"ஆத்தா, என்மேல தண்ணி விடு" என்றது அது. "நெருப்பு குடுத்த சூட்டை உள்ளே வச்சிருக்கேன். ஒரு பங்கை இப்பவே தர்றேன். மீதியை, என்னைச் சுவர்ல பூசினப்புறம், சூளையில விட்ட மூச்சைக் காத்துலேர்ந்து திரும்ப இழுத்துக் கல்லா இறுகும்போது கொஞ்சங்கொஞ்சமாத் தருவேன். அது யாருக்கும் தெரியாது. வாங்கினதுக்குக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அன்னக்கொடி தண்ணீரை ஊற்றினாள். பானை தளதளவென்று கொதித்தது. ஆவி குபுகுபுவென்று கூரைக்குப் போனது. அவளுக்கு வயிறு எரிந்தது.

"என் பொண்ணு நடுங்குறா. நீ காத்துக்குத் தானம் பண்றியா?"

"நான் பூத்துப் பெருகுறேன், தண்ணியும் ஆவியாகுது. எங்களுக்கு இடம் வேணும். காத்து எல்லார் தலைமேலயும் உட்கார்ந்திருக்கு, அதை நகர்த்தினாத்தான் இடம் கிடைக்கும். அதுக்குக் கொஞ்சம் சூடு செலவாகும், ஆத்தா. செலவு போக மிச்சம் உனக்கு."

வாசலில் நின்ற காற்று சிரித்தது. "நான் என்ன உன் வீட்டு வேலைக்காரனா, சும்மா எழுந்து வழிவிட? தள்ளினா நகருவேன்."

"உனக்கு ஒரு பிடிகூடக் கிடையாது, போ" என்றாள் அன்னக்கொடி.

சூளை வாசலைச் சேறு பூசி அடைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். பழகிய கை அதையே செய்தது. பானைக்கு மூடி போட்டாள். சுற்றிலும் கழிச்சேற்றை அப்பினாள். மேலே தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்தாள்.

"ஆத்தா, சூளையில மேலே வழி விட்டுத்தானே அடைச்சீங்க? இங்கே வழியே இல்லையே!" உள்ளிருந்து குரல் கேட்டது. "காத்தைத் தள்ள வேண்டிய சூடும் என்கூடவே உள்ளே நிக்குது. ஆவி போக இடமில்லாம பானையை நெருக்குது. திற ஆத்தா!"

"கொஞ்சம் பொறு சாமி" என்றாள். கண் தானாகச் சொருகியது. அப்படியே அயர்ந்துவிட்டாள்.

மாசாணம் வெறுங்கையோடு வந்தான். மூடி துள்ளுவதைப் பார்த்தான். "ஏ புள்ள, என்ன பண்ணி வச்சிருக்கே!" என்று குனிந்து சேற்றைப் பெயர்த்தான்.

பானை வெடித்தது.

குடம் உடைந்தது. கொதிக்கும் சுண்ணாம்பு மாசாணத்தின் முகத்தில் அடித்தது. அன்னக்கொடி பதறி எழுந்து, தொட்டித் தண்ணீரையெல்லாம் மொண்டு மொண்டு அவன் கண்ணில் விட்டாள். ஒரு கண் பிழைத்தது. ஒன்று போய்விட்டது.

உள்ளே பூவாயியின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் இன்னும் கேட்டது.

"என்னை விடு, அவளைப் பாரு" என்றான் மாசாணம்.

அழக்கூட நேரமில்லை. கூடையில் மீதியிருந்த சுட்ட கிளிஞ்சலை வாயகன்ற சட்டியில் கொட்டினாள். நடுவில் செம்புத் தண்ணீரை இறக்கி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். ஆவி மேலே போனது. காற்று தன் பங்கை வாங்கிக்கொண்டு நகர்ந்தது. மிச்சச் சூட்டில் செம்புத் தண்ணீர் மெல்லச் சூடேறியது.

பூவாயியின் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். பொழுது சாயும்போது நடுக்கம் நின்றது. குழந்தை பால் குடித்தது.

அன்னக்கொடி சட்டியிடம் வந்து, "என்னை மன்னிச்சிரு" என்றாள். அது பேசப் பார்த்தது. பானையோடு அதன் தொண்டையும் கிழிந்துபோயிருந்தது. வெறும் 'உஸ்'ஸென்று மட்டும் வந்தது.

அன்று முதல்தான் சுட்ட கிளிஞ்சல் தண்ணீர் பட்டால் பேச முடியாமல் சீறுகிறது. அன்று முதல்தான் அதைத் தண்ணீர் விட்டு நீற்றுகிறவர்கள், எவ்வளவு அசதியாக இருந்தாலும், பானையின் வாயைத் திறந்து வைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.