அரைக்கால் சுற்று

"முடியல ஆசானே. ஓய்ஞ்சு போயிட்டேன்," என்றார் தாசையன்.

ஆசான் பிரகாசிக்கு முப்பத்திரண்டு வயது. மைக்செட் கடை வைத்திருந்தாள். சீடருக்கு அறுபத்தொன்று. பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பழக வந்து ஒரு மாதம் ஆகிறது.

"ஒண்ணும் குறையாம ஏத்தணும். அம்புட்டுதான்," என்று சொல்லிக்கொண்டுதான் முதல் நாள் படியேறினார்.

இருபத்திரண்டு கேசட். எல்லாம் தம்பி எட்வின் கடுதாசிக்குப் பதிலாகத் துபாயிலிருந்து பேசி அனுப்பியவை. எட்வின் அங்கேயே செத்துப்போனான். அப்போது மகள் ஷைனி தாய் வயிற்றில் இருந்தாள்.

புதன்கிழமை அவளுக்குக் கல்யாணம். "அப்பா குரலை ஒரு தடவை கேக்கணும் பெரியப்பா," என்றிருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

"என்னெல்லாம் செஞ்சீங்க?" என்றாள் பிரகாசி.

"நாடா உரசுற ஹெட்டைத் துடைச்சேன். ஒயரை மாத்தினேன். அப்பவும் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரியே இருக்கு."

"கம்ப்யூட்டர்ல?"

"சத்தத்தைக் கூட்டிப் பாத்தேன். இரைச்சல்தான் கூடுது. தம்பி கூடல."

"நாடாவை விட்டு வராததைக் கம்ப்யூட்டர் எங்க போய்க் கொண்டாரும்?"

தாசையன் நாற்காலியில் சரிந்தார். "அவன் எப்பவும் இப்படித்தான். மென்னு முழுங்குவான். வாயைத் தொறந்து பேசுலேன்னு எத்தனை கடுதாசி போட்டேன்! அவன் செத்த சேதிக்குப் பிறகு வந்த கடைசிக் கேசட்டை நான் கேக்கவே இல்ல."

பிரகாசி சின்ன ஸ்குரூ டிரைவரை நீட்டினாள். ஹெட்டின் ஓரத்தில் எள்ளு மாதிரி ஒரு திருகாணி.

"இதைத் திருப்புங்க."

"இதைத் தொடவே கூடாதுன்னு சொன்னீங்களே. நேரா இருக்கதைக் கோணலாக்கவா?"

"நம்ம டேப் டெக்குல ஹெட்டு நேராத்தான் இருக்கு. அவர் பேசிப் பதிஞ்ச செட்டு?"



ஒருத்தர் வந்து ஆம்ப்ளிஃபயர் ஆச்சா என்றார். நாளைக்கு என்று அனுப்பி வைத்தாள்.

"அப்ப வீட்டுல ரெண்டு டேப் செட்டு," என்றார் தாசையன். "ஒண்ணு புதுசு. ஒண்ணு என் கையில இருந்து மாடிப்படியில உருண்டது."

"அவர் எதைக் கொண்டு போனார்?"

"நான் குடுத்ததை."

"எதை?"

"உருண்டதை."

பிரகாசி ஸ்குரூ டிரைவரை அவர் கையில் வைத்தாள்.

"விழுந்ததுல அதோட ஹெட்டு சாஞ்சிருக்கும். சாஞ்சு பதிஞ்சதை, நாமளும் அதே அளவு சாஞ்சாத்தான் எடுக்க முடியும். திருப்புங்க அண்ணாச்சி."

கடைசிக் கேசட்டைப் போட்டார். திருப்பினார். குரல் இன்னும் மழுங்கியது.

"அந்தப் பக்கம் இல்ல. திரும்பி வாங்க. மெதுவா."

மயிரிழை மயிரிழையாக வந்தார். அரைக்கால் சுற்றில் போர்வை விலகியது.

எங்கோ ஒரு ஃபேன் சுற்றியது. யாரோ தட்டு கழுவினார்கள். எட்வின் மூச்சு விட்டான்.

"அண்ணே, தெளிவாப் பேசுன்னு எழுதியிருந்த. இங்க போட்டுப் பாத்தா நல்லாத்தானே கேக்கு? நீ குடுத்த செட்டு அருமையான செட்டுண்ணே. உன் செட்டுதான் ரிப்பேராயிட்டு போல. பாவம். வரும்போது உனக்குப் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாறேன்."

பிரகாசி கேசட்டை முதலுக்குச் சுற்றினாள். கம்ப்யூட்டரில் பதிவைத் தட்டிவிட்டாள்.

"இதையுமா ஆசானே?" என்றார் தாசையன்.

"ஒண்ணும் குறையாம ஏத்தணும்னுதானே வந்தீங்க?"