கஷாயத்தை முதலில் யார் குடிப்பது?

மாவடிக்கோட்டையை ஆண்ட வீரகண்ட ராஜாவுக்குக் காத்திருந்து பழக்கமில்லை. அவர் குடை விரித்த பிறகுதான் மழையே பெய்ய வேண்டும். அப்படிப்பட்டவரை ஒரு குழந்தை காக்க வைத்துவிட்டது.

மகாராணி உமையம்மைக்குப் பத்தாம் மாதம் முடிந்தும் வலி எடுக்கவில்லை. அரண்மனைச் சோதிடர் அனந்தபட்டர் குறித்துக் கொடுத்த நாள் எப்போதோ போய்விட்டது. அந்த நாளை நம்பி வந்த சிற்றரசர்கள் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, "விசேஷம் உண்டா?" என்று விசாரித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். ஊருக்குச் சர்க்கரை வழங்க அலங்கரித்து நிறுத்திய யானையே பாதிச் சர்க்கரையைத் தின்றுவிட்டது.

ராஜாவின் முகம் நாளுக்கு நாள் கடுத்துக்கொண்டே போவதைச் சோதிடர் கவனித்தார். கணக்குத் தப்பியது என்று ஒப்புக்கொண்டால் பதவி போய்விடும். ஆகவே ஒரு கஷாயத்தைத் தயாரித்தார். வெள்ளிக்கிழமை காலை இதைக் குடித்தால் உச்சிவேளைக்குள் பிரசவம் ஆகும், அந்த நேரத்தில் பிறக்கும் பிள்ளை சக்கரவர்த்தி ஆகும் என்றார். ராஜா உடனே சம்மதித்தார். குறுக்கே பேசுகிறவன் தலை கழுத்தில் இருக்காது என்றும் சொல்லிவைத்தார்.

மருத்துவச்சி வேலாயி அரண்மனை விகடகவி சொக்கப்பனிடம் ஓடி வந்தாள். வயிற்றில் பிள்ளை சுகமாக இருக்கிறது, பொறுத்திருந்தால் போதும், அந்தக் கஷாயம் உள்ளே போனால் இரண்டு உயிரும் தங்காது என்று சொல்லி அழுதாள். சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது சொக்கப்பனின் உத்தியோகம். அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. ராணியைக் கூடப் பிறந்த தங்கையாகவே நினைத்திருந்தவன். தன் தலையை நினைத்தாலும் பயமாகத்தான் இருந்தது. சரி, குறுக்கே பேசினால்தானே குற்றம், ஒத்துப் பேசிப் பார்ப்போம் என்று கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை சபைக்குக் கஷாயம் வந்தது. சொக்கப்பன் மோந்து பார்த்து மெச்சினான்.

"அருமை மகாராஜா. அரண்மனை வழக்கம் ஒன்றுதான் பாக்கி. ராஜ குடும்பத்தார் வாயில் படுவது எதுவானாலும் முதலில் வேறொருவர் ருசி பார்க்க வேண்டும்."

"அதற்கென்ன, நீயே குடி."

சொக்கப்பன் தன் தொந்தியைத் தடவிக்கொண்டான். "வயிறு இருக்கிறது மகாராஜா. ஆனால் இதிலிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லையே. நிறைமாதக்காரி குடித்தால்தானே மருந்தின் குணம் தெரியும்? நல்லவேளை, சோதிடர் மகள் கோமளவல்லி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். அவளுக்கும் நாள் கடந்துவிட்டதாம். பல்லக்கு அனுப்பிவிட்டேன். சோதிடருக்கும் ஒரு சக்கரவர்த்திப் பேரன் கிடைக்கட்டும்."

அனந்தபட்டரின் முகம் வெளிறியது. "வேண்டாம், வேண்டாம். அவளுக்கு எதற்குக் கஷாயம்? நேரம் வந்தால் தானாகப் பிறக்கும்."

ராஜா மெதுவாகக் கேட்டார். "உம் மகளுக்குத் தானாகப் பிறக்கும். என் மனைவிக்கு மட்டும் கஷாயமா?"

சோதிடர் கைகூப்பினார். கண்ணில் நீர் முட்டியது. "மகாராஜா, அவள் நான் பெற்ற மகள்."

ராஜா தாமே எழுந்து போய்க் கஷாயத்தை முற்றத்தில் கொட்டினார். சோதிடரை வீட்டுக்குப் போய் மகளைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார், இனிமேல் சபைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு சொக்கப்பன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பல்லக்கைத் திருப்பி அனுப்பு."

"அனுப்பவே இல்லை மகாராஜா. சோதிடர் எப்படியும் தடுப்பார் என்று கணித்திருந்தேன்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "இவ்வளவு சரியாகக் கணிக்கிறாயே, இனி சோதிடர் ஆசனமும் உனக்குத்தான். சொல், என் குழந்தை எப்போது பிறக்கும்?"

சொக்கப்பன் விரல் விட்டு எண்ணினான். கண்ணை மூடினான். திறந்தான்.

"பிறந்ததும் சொல்கிறேன் மகாராஜா."

குழந்தை தனக்குச் சௌகரியப்பட்ட ஒரு நாளில் சுகமாகப் பிறந்தது. சொக்கப்பன் சொன்ன சொல் தவறாமல் அன்றே வந்து சொன்னான்.